கைராசிக்காரரும் கடற்பாசி ஜெல்லும்

அந்த ஆய்வுக்கூடத்தில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: ஜெல் கட்டுவது கையில் இருக்கிறது. யார் கை வேண்டுமானாலும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. மூன்றாம் மாடியில், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டுக்குள்ளிருந்து நீளும் ஒரே ஒரு ஜோடிக் கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கு ஐம்பத்து நாலு வயது. வேதியியலில் ஒரு டிப்ளமோ, வழுக்கைக்கு இருபுறமும் ஒழுங்காக வாரிவிட்ட முடி, சட்டைப் பையில் மூன்று பேனா. எல்லாரும் அவரைக் கைராசிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, யாராவது அப்படிக் கூப்பிடாவிட்டால் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

புதுக் கருவி வந்து இறங்கினால் முதல் சுவிட்சை அவர்தான் போட வேண்டும். இறுகிப்போன பாட்டில் மூடியெல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். பக்கத்து அறை ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, வேலைக்கு விண்ணப்பம் அனுப்பும்போது கடைசிப் பொத்தானை இவரை விட்டு அழுத்தச் சொன்னாளாம். இவர் விரலை எடுப்பதற்குள் வேலை கிடைத்த பதில் வந்துவிட்டதாம். பாதி நிமிடம்கூட ஆகவில்லை என்று அவள் சத்தியம் செய்கிறாள். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்.

அவர் செய்த ஜெல் எதற்கென்று தெரிந்துகொள்வது நல்லது. சர்க்கரை நோய்க்காரர்கள் சிலருக்குக் காலில் ஒரு புண் வந்தால் மாதக்கணக்கில் ஆறாது. உடம்பு அங்கே புதுச் சதை கட்டத்தான் பார்க்கிறது. ஆனால் செல்கள் ஏறி நின்று வேலை செய்ய ஒரு பிடிமானம் வேண்டுமே. சாரம் இல்லாமல் கொத்தனார் எப்படி இரண்டாம் மாடிக்குச் சுவர் வைப்பார்? அந்தச் சாரத்தைக் கட்டிக் கொடுப்பதுதான் ஜெல்லின் வேலை. புண்ணில் ஊற்றினால் குழிக்கு ஏற்றபடி உட்கார்ந்துகொள்ளும். செல்கள் அதில் தொற்றி ஏறிச் சதையைக் கட்டி முடித்ததும், யாரும் பிரிக்காமலே தானாகக் கரைந்து போய்விடும். இவ்வளவு நாகரிகமான சாரம் எந்த மேஸ்திரியிடமும் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அதன் மூலப்பொருள் சர்க்கரை. டீயில் போடும் சர்க்கரை அல்ல, அதற்குத் தூரத்துச் சொந்தம். கடற்பாசிக்குள் சர்க்கரைத் துணுக்குகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீளச் சங்கிலியாக நிற்கின்றன. இறால் ஓட்டுக்குள் அதே மாதிரி வேறொரு சங்கிலி. இறால் ஓட்டுச் சங்கிலியை முதலில் தண்ணீரில் கரைகிற மாதிரி மாற்றிக்கொள்வார்கள். கடற்பாசிச் சங்கிலியை ஒரு வெள்ளை உப்போடு சேர்த்து இருட்டில் கலக்கினால், அங்கங்கே சர்க்கரை வளையம் உடைந்து கொக்கி முளைக்கும். பிறகு இரண்டையும் கலந்தால் கொக்கி மாட்டிக்கொள்ளும். தண்ணீராக இருந்தது ஒரு நிமிடத்தில் ஜெல்லாக நின்றுவிடும்.

கைராசிக்காரரின் மனைவி தையல்கடை வைத்திருந்தார். தெருமுனையில் ஒற்றை அறை, இரண்டு மெஷின், சுவரெல்லாம் நூல்கண்டு. முதன்முதலில் கணவர் இதை விளக்கியபோது ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டுவிட்டு, "அதாவது ஒரு பக்கம் கொக்கி, இன்னொரு பக்கம் கண்ணு. மாட்டினா சட்டை மூடிக்குது. இதுக்கா இத்தனை பேர் சேர்ந்து படிச்சீங்க?" என்றார்.

"அப்படி ரொம்ப லேசாச் சொல்லிடாத."

"கனமாச் சொன்னா மட்டும் கொக்கி வேற என்னவா ஆகும்?"

அதற்குமேல் அவர் மனைவியிடம் வேதியியல் பேசவில்லை.

வேலையில் எல்லாம் சுலபம், அந்தக் கொக்கி முளைக்க வைக்கும் கட்டத்தைத் தவிர. அந்த வெள்ளை உப்புக்கு வெளிச்சம் ஆகாது. ஆகவே ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை; பீக்கரைச் சுற்றி அலுமினியத் தாள்; விளக்கு அணைந்திருக்க வேண்டும். அடியில் காந்தக் கலக்கி ஒரே சுதியில் ரீங்காரமிடும். அறை எப்போதும் இதமான குளிரில். கலக்கி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். சரியாக இரண்டு மணி நேரம் ஆனதும் நிறுத்து திரவத்தை ஊற்ற வேண்டும். ஊற்றினால் உப்பு தன் வேலையை விட்டுவிடும். இதுதான் செய்முறை. தலைமை விஞ்ஞானி தன் கையால் எழுதிக் கொடுத்தது. எல்லாரும் மேடம் என்று அழைக்கும் அந்த அம்மாள் அதற்கு முன் வேறொரு பாசியில் வேலை செய்தவர். இரண்டு மணி நேரம் என்பது அங்கிருந்து வந்த கணக்கு.

கைராசிக்காரர் பீக்கரை ஏற்றுவது மதியம் ஒரு மணிக்கு, சாப்பிட்ட கையோடு. வயிறு நிறைந்த ஒரு மனிதரை, மெத்தை வைத்த நாற்காலியில், இதமான குளிரில், கும்மிருட்டில், ரீங்காரத்துக்கு நடுவே உட்கார வைத்து, விழித்திரு என்று சொன்னது யார் குற்றம்? கும்பகர்ணனை எழுப்பி அங்கே உட்கார வைத்திருந்தால் மறுபடி சேனையைத் திரட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டியதுதான்.

முதல் இரண்டு தடவை அவர் தூங்கவில்லை. வேலைக்குப் புதிது, பயம். மூன்று மணிக்கு டாணென்று நிறுத்து திரவத்தை ஊற்றினார். இரண்டும் கட்டவில்லை. குப்பியைக் கவிழ்த்தால் ஜெல் அடியிலேயே ஒட்டி நிற்க வேண்டும்; இது கஞ்சித் தண்ணீர் மாதிரி வழிந்தது. மூன்றாம் தடவை மனம் சோர்ந்து நாற்காலியில் சாய்ந்தார். துப்புரவு அம்மாளின் வாளி கதவில் இடித்த சத்தம் கேட்டுத்தான் கண் விழித்தார். மணி ஐந்து. அவசரமாக ஊற்றினார். நோட்டைத் திறந்து, "தொடக்கம் 1:00, நிறுத்தம் 3:00" என்று எழுதினார்.

அந்த ஜெல் கட்டியது. கவிழ்த்த குப்பியில் தேங்காய் வழுக்கை மாதிரி அசையாமல் நின்றது. மேடம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "கை பழகிடுச்சு அண்ணா" என்றார். உண்மையைச் சொல்ல அதைவிட மோசமான சமயம் ஒரு மனிதருக்கு வாய்க்காது.

அப்படித்தான் பதினோரு வருடம் போனது. தினமும் விழித்திருப்பதாக முடிவு செய்வார். தினமும் வாளி வந்து எழுப்பும். நோட்டில் தினமும் மூன்று மணி. இதில் அவருடைய மனசாட்சி உறுத்தாமல் இல்லை; ஆனால் தூக்கத்துக்கும் ஜெல்லுக்கும் ஒரு முடிச்சு உண்டென்று மட்டும் தோன்றவே இல்லை. தான் தூங்கியும்கூடக் கெடாமல் காப்பாற்றுவது கைராசிதான் என்று நம்பினார். ஊரே நம்பும்போது கைக்குச் சொந்தக்காரர் நம்பாமல் இருக்க முடியுமா? எப்போதாவது ஜெல் கட்டாமல் போனால், "இந்தப் பருவத்துப் பாசி சரியில்ல மேடம்" என்பார். மேடமும் பாசி அனுப்பியவரைத் தொலைபேசியில் பிடித்து நான்கு வார்த்தை கேட்பார். பாவம் அந்தப் பாசிக்காரர். கடலில் விளைவதற்கெல்லாம் அவர்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது.

ஜெல்லை ஒரு மருத்துவமனையில் கால் புண்காரர்களுக்குப் போட்டுப் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. அதற்கு ஒரே நிபந்தனை: வேறு ஊரிலுள்ள இன்னொரு ஆய்வுக்கூடம் அதே செய்முறையைப் படித்து அதே ஜெல்லைச் செய்து காட்ட வேண்டும். அவர்கள் இரண்டு முறை செய்தார்கள். இரண்டு முறையும் வழிந்தது. கொக்கி எண்ணிக்கையை அளந்தார்கள். இங்கே நூற்றுக்கு முப்பது, அங்கே பதினேழு. இன்னும் ஒரு முறை பார்ப்போம், அதுவும் கட்டவில்லை என்றால் சோதனையைக் கைவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு வரி: "உங்கள் முடிவுகளைத் திரும்பச் செய்ய முடியவில்லை." அந்தத் தொழிலில் இது மரியாதையான வசவு. பொய்க்காரி என்பதை விஞ்ஞானிகள் அப்படித்தான் சொல்வார்கள்.

மூன்றாம் நாள் மேடம் கைராசிக்காரரின் மேசைக்கு வந்தார்.

"நீங்களும் வாங்க அண்ணா. அவங்க அறையிலேயே, அவங்க கண் முன்னாடியே, உங்க கையால செஞ்சு காட்டிடுங்க."

"என் கையாலயா மேடம்?"

"வேற யாரு கையை நம்புறது நான்?"

அவர் கோட்டை இரண்டு முறை இஸ்திரி போட்டார். மனைவி ரயிலுக்கு ரொட்டியும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்து, "கையைப் பத்திரமாப் பாத்துக்கோங்க, ரயில் கதவுல எங்கயாவது நசுக்கிடப் போறீங்க" என்று வழியனுப்பினார்.

அந்த ஊர் ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஒல்லியான மனிதர். டீத்தூளைக்கூடத் தராசில் நிறுத்துத்தான் போடுவாராம். அதனால் அவருடைய ஆட்களே முதுகுக்குப் பின்னால் தராசுக்காரர் என்று பேசிக்கொண்டார்கள். அவர் கைராசிக்காரரைத் தலையிலிருந்து கால்வரை, ஒரு சோதனை மாதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன். தொந்தரவு இல்லன்னா நாங்க நாலு பேரும் உள்ளேயே நின்னு பாக்குறோம்."

"இருட்டா இருக்குமே சார்."

"சிவப்பு விளக்கு போட்டுக்கலாம். அது பாதிக்காது."

மதியம் ஒரு மணிக்குப் பீக்கர் ஏறியது. சிவப்பு வெளிச்சத்தில் நாலு பேர், கையில் நோட்டும் பேனாவுமாக, நின்றுகொண்டே பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர் கைராசிக்காரர் ஒருவர்தான். ஆபரேஷன் மேசையில் படுத்திருக்கும் நோயாளிக்கு இருக்கும் நிம்மதிதான் அவருக்கும் இருந்தது. கொட்டாவி வந்தபோதெல்லாம் இருமலாக மாற்றினார். தராசுக்காரர் இருமலையும் குறித்துக்கொண்டார். மூன்று மணிக்கு நிறுத்து திரவம் விழுந்தது. வினாடி பிசகவில்லை. அவர் வாழ்க்கையில் அந்தச் செய்முறையை எழுதியபடியே, முழு விழிப்போடு, நேர்மையாகச் செய்த அபூர்வமான நாட்களில் அது ஒன்று. ஸ்பிரிட்டில் கழுவி, உலர்த்தும் கருவிக்குள் வைத்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதைக் கரைத்து, இறால் ஓட்டுக் கரைசலோடு கலந்தார்கள். ஒரு நிமிடம் காத்தார்கள். பெருந்தன்மையாக இன்னும் ஐந்து நிமிடம் காத்தார்கள். தராசுக்காரர் குப்பியைக் கவிழ்த்தார். ஜெல் நிதானமாக, யாரையும் அவமதிக்கும் எண்ணமே இல்லாததுபோல், வழிந்து அவருடைய சட்டைக் கைக்குள் இறங்கியது.

மேடம்தான் வாயைத் திறந்தார். "செய்முறை என்னுது. தப்பும் என்னுதாத்தான் இருக்கும். நான் எழுதிக் கொடுத்துடறேன், சோதனையை நிறுத்திடுங்க" என்றார். குரல் சமமாகத்தான் இருந்தது. காகிதம் கேட்டுக் கையை நீட்டினார்.

கைராசிக்காரர் மாடிப்படிக்கு வந்து உட்கார்ந்தார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். அது வழக்கமான கைதான். அப்போது தொலைபேசி அடித்தது, மனைவி.

"சாப்பிட்டாச்சா?"

"ம்."

"நேத்து மத்தியானம் தூங்கினீங்களா?"

மனைவி எந்த ஊருக்குத் தொலைபேசி செய்தாலும் இந்த இரண்டு கேள்வியும் இதே வரிசையில் வரும்.

"நாலு பேரு சுத்தி நின்னுக்கிட்டிருந்தாங்க. எங்கம்மா தூங்குறது?"

"அப்போ அது விளங்கியிருக்காதே."

"எது?"

"நீங்க செஞ்சது. தூங்காத அன்னைக்கு உங்களுக்கு எதுதான் விளங்கியிருக்கு? பல்லு வலிச்ச வாரம் பூரா ஜெல்லு கட்டல, ஜெல்லு கட்டலன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தீங்க. மேல் மாடியில துளை போட்டாங்களே, அந்த நாலு நாளும் அதே பாட்டு. நான்தான் சொன்னேனே, போய் நல்லாத் தூங்குங்க, எல்லாம் சரியாயிடும்னு. என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

லைனில் இருந்தார். பல்வலி வாரம். துளை போட்ட நாலு நாள். முதல் இரண்டு தடவை. பதினோரு வருடத்தில் கட்டாமல் போன ஒவ்வொரு ஜெல்லும் வரிசையாக வந்து எதிரே நின்று, "என்ன, தெரியுதா?" என்று கேட்பதுபோல் இருந்தது. இரண்டு மணி நேரம் இல்லை. ஒருபோதும் இரண்டு மணி நேரம் இருந்ததில்லை.

அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் நடக்க வேண்டும்; நடந்தால் அறைக்குள் போக வேண்டும்; போனால் சொல்ல வேண்டும். சொல்லாமலே ஊருக்குப் போய்விடலாம். இன்னும் நாலு வருடத்தில் ஓய்வு. யாரும் அவரைச் சந்தேகப்படப் போவதில்லை. கைராசி வெளியூரில் வேலை செய்யவில்லை என்று சொல்லிக்கொள்வார்கள், அவ்வளவுதான். மேடம்தான் பொய்க்காரியாவார். அந்த எண்ணம் வந்தபோது கதவு திறந்தது. மேடம் கையில் எழுதிய காகிதத்தோடு வெளியே வந்தார்.

"மேடம், ஒரு விஷயம்."

"பாசின்னு மட்டும் சொல்லிடாதீங்க அண்ணா. நான் தாங்க மாட்டேன்."

"பாசி இல்ல மேடம். நான்தான்."

"என்ன நீங்க?"

"நோட்டுல ரெண்டு மணி நேரம்னு எழுதியிருக்கேன் இல்ல, அது ரெண்டு மணி நேரம் இல்ல."

"பின்ன?"

"நாலு இருக்கும். சில நாள் நாலேகால்."

"ஏன்?"

"தூங்கிடுவேன்."

மேடம் ஒரு படி கீழே இறங்கி நின்றார்.

"என்னைக்காவதா?"

"தினமும்தான்." கொஞ்சம் யோசித்து, "லீவு நாள் தவிர" என்று சேர்த்துக்கொண்டார். "முதல் ரெண்டு தடவை மட்டும் தூங்கல மேடம்."

"அந்த ரெண்டும் கட்டல."

"கட்டல."

"நேத்தும் தூங்கல."

"எப்படி மேடம் தூங்குறது, அவரு என் இருமலையெல்லாம் எழுதிக்கிட்டிருந்தாரு."

மேடம் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பார் என்று கைராசிக்காரர் ஒரு நொடி ஆசைப்பட்டார். அவர் சிரிக்கவில்லை.

"இந்த ரெண்டு மணி நேரத்தை நம்பி நான் பதினேழு கட்டுரை எழுதியிருக்கேன் அண்ணா. என் பேரைப் போட்டு. ஒரு தடவை சொல்லியிருக்கலாமே. திட்டியிருப்பேன், அவ்வளவுதானே?"

"முதல் தடவையே சொல்லியிருக்கணும். நீங்க கையைப் பிடிச்சுக் குலுக்கினீங்க. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"உங்களை வேலையை விட்டே தூக்கணும் நான்."

"தூக்குங்க மேடம். அதுக்கு முன்னாடி நாலு மணி நேரம் வச்சு ஒரு தடவை பாத்துடுங்க."

மேடம் கையிலிருந்த காகிதத்தை நான்காக மடித்தார். "உள்ளே வந்து நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

அதுதான் கஷ்டமாக இருந்தது. பத்தடி தூரத்துக்கு மூன்று முறை மூக்கைத் துடைத்துக்கொண்டார். தராசுக்காரரின் முன்னால் நின்று, பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோல், பதினோரு வருடத்தையும் மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தார். மற்ற மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். தராசுக்காரர் மட்டும் பேனாவைத் திறந்தார்.

"உட்கார்ந்து தூங்குவீங்களா, சாய்ஞ்சா?"

"சாய்ஞ்சு சார். அதனால கலவைக்கு என்ன?"

"ஒண்ணும் இருக்காது. ஆனா விடக்கூடாது பாருங்க. குறட்டை உண்டா?"

"வீட்டுல இருக்குன்னு சொல்றாங்க."

அதையும் எழுதினார். நியாயமான மனிதர். எழுதி முடித்ததும், சோதனையை நிறுத்துவதா வேண்டாமா என்று பேசுவதற்குப் பதிலாக, நாலு பீக்கரை எடுத்து வைக்கச் சொன்னார். இரண்டு மணி நேரம், மூன்று, நாலு, ஐந்து.

அன்று மதியம் யாரும் தூங்கவில்லை. கைராசிக்காரரை அறைக்குள் விடவே இல்லை. அவர் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தார். நடந்த நடைக்கு வேறொருவராக இருந்தால் ஊருக்கே நடந்து போய்ச் சேர்ந்திருப்பார்.

மறுநாள் காலை நாலு குப்பிகளையும் வரிசையாகக் கவிழ்த்தார்கள். இரண்டு மணி நேரம் வழிந்தது. மூன்று மணி நேரம் கொஞ்சம் நின்று, தயங்கி, பிறகு சறுக்கியது. ஐந்து மணி நேரம் கட்டியது, ஆனால் தொட்டால் உதிர்ந்தது. ரொம்ப நேரம் விட்டால் உப்பு சங்கிலியையே துண்டு துண்டாக நறுக்கிவிடுமாம். நாலு மணி நேரம் நின்றது. தராசுக்காரர் குப்பியை உதறினார், தட்டினார், கவிழ்த்தபடியே ஒரு டீ குடித்து முடித்தார். அது நின்றது. கொக்கி எண்ணிப் பார்த்தார்கள்: முப்பது.

"ஆக, மனுஷன் தூங்குற நேரத்தையும் சேர்த்துத்தான் இந்தப் பாசிக்குக் கணக்கு" என்றார் தராசுக்காரர். "சோதனை நடக்கட்டும். ஆனா ஒண்ணு. பழைய பதிவு எல்லாத்தையும் திருத்தி அனுப்பணும். ஒவ்வொண்ணுக்கும் உண்மையான நேரம். தெரியலன்னா, தூங்கினாரா இல்லையான்னாவது."

அதுதான் கைராசிக்காரருக்குக் கிடைத்த தண்டனை. ரயிலில் ஊர் வந்து சேரும்வரை மேடம் அவரோடு பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "பெட்டி கனமா இருக்கு, ஒரு கை பிடிங்க அண்ணா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் தன் வேலை தப்பிவிட்டதென்று அவர் புரிந்துகொண்டார்.

பதினோரு நோட்டு. கொக்கி எண்ணிப் பார்த்த ஜெல் மட்டும் நூற்று நாற்பத்து மூன்று. எந்த நாள் தூங்கினோம், எந்த நாள் தூங்கவில்லை என்று எந்த மனிதர் நினைவில் வைத்துக்கொள்வார்? அவருக்கு நினைவில்லை. நினைவு வைத்திருந்தவர் வேறொருவர். ஆகவே மறு வாரம் தையல்கடை மூன்று நாள் மூடிக் கிடந்தது. தையல்காரம்மா, யாருக்கு எந்தத் தேதியில் என்ன அளவில் தைத்தோம் என்று குறித்து வைத்திருக்கும் பழைய நோட்டுகளை ஒரு துணிப் பையில் போட்டுக்கொண்டு, ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தார். மேடம் நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். சாட்சி சொல்ல வந்தவருக்கு இவ்வளவு உபசாரம் எந்த நீதிமன்றத்திலும் நடந்ததில்லை.

"மார்ச் ஒன்பது" என்பார் மேடம்.

தையல்காரம்மா தன் நோட்டைப் புரட்டுவார். "மார்ச் ஒன்பது, ஒரு கோட்டுக்கு உள்துணி வச்சேன். அன்னைக்கு இவரு வந்ததும் பாட்டுப் பாடிக்கிட்டே குளிச்சாரு. நல்லாத் தூங்கியிருக்காரு."

"ஜூன் இருபத்திரெண்டு."

"பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம், பதினாலு ஜோடி. அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கே தட்டு முன்னாடி உட்கார்ந்தபடியே சாய்ஞ்சுட்டாரு. மத்தியானம் தூங்கல. பொட்டுத் தூக்கம்கூட இல்ல."

மேடம் ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்தார். கீழ் வரிசையில் தூக்கம், பக்கவாட்டில் கொக்கி. தூங்காத நாளெல்லாம் ஒரு மூலையில் கீழே ஒடுங்கிக் கிடந்தது. தூங்கிய நாளெல்லாம் மேலே குழுமி நின்றது. ஒரு மனிதரின் பதினோரு வருடம் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் காகிதத்தில் ஏறிக்கொண்டிருந்தது: மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்த மாதம், வீடு மாறிய வாரம், மூக்கடைப்பு, கிரிக்கெட் இறுதிப் போட்டி. கைராசிக்காரர் பக்கத்தில் நின்று, மேடம் சொன்ன முறைப்படி, பழைய நேரத்தை ஒற்றைக் கோட்டால் அடித்து, அழிக்காமல், சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுக்கொண்டிருந்தார். விரல் வலித்தது. ஆனால் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பத் திருப்ப, நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டிருப்பதும் தெரிந்தது.

மூன்றாம் நாள், ஏழாவது நோட்டில், மேடம் பேனாவை நிறுத்தினார்.

"அண்ணா, இது இடிக்குதே. நவம்பர் பதினாலு. தூங்கலன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம். அது நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்குத்தான் எங்க பொண்ணுக்குப் பிரசவம். காலையிலயே வலி எடுத்துடுச்சு, இவங்க ஆஸ்பத்திரியில இருந்தாங்க. நான் இங்க போனைக் கையில வச்சுக்கிட்டு, கண்ணைக்கூட மூடல."

"கொக்கி முப்பத்தொண்ணு."

"அப்படியா?"

"புள்ளி எங்க விழுது பாருங்க."

மூன்று தலைகள் வரைபடத்தின்மேல் குனிந்தன. புள்ளி எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல் மேல் கூட்டத்தின் நட்டநடுவில் விழுந்திருந்தது. நல்ல தூக்கம்; நாலு மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்கூடக் குறையாது.

தையல்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"போனை எடுக்கவே இல்லையே நீங்க. பேரன் பொறந்துட்டான்னு சொல்றதுக்கு ஒன்பது தடவை அடிச்சேன். பதட்டத்துல சைலண்ட்ல போட்டுட்டேன், கை கால் ஆடிப்போச்சு, நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தேன்னு சொன்னீங்க. நானும் அதை நம்பி, அப்பா எப்படித் துடிச்சுப் போயிட்டாரு பாருன்னு நம்ம பொண்ணுகிட்ட அஞ்சு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அந்தப் பாசி கொஞ்சம் வேற மாதிரி…"

"பாசி மேல பழி போடாதீங்க அண்ணா" என்றார் மேடம்.

கைராசிக்காரர் மனைவியைப் பார்த்தார். பிறகு புள்ளியைப் பார்த்தார். வாதாடிப் பார்க்கலாம்தான், ஆனால் முப்பத்தொன்று என்ற எண்ணோடு என்ன வாதாடுவது? "முந்தின ராத்திரி பூரா நான் தூங்கல" என்றார் மெதுவாக. "பயமா இருந்துச்சு. காலையில அவங்களை ஆஸ்பத்திரியில விட்டுட்டு இங்க வந்தேன். இருட்டுல உட்கார்ந்ததும் என்னையறியாம… எழுந்து பாத்தா ஒன்பது மிஸ்டு கால். எப்படிச் சொல்றது?"

"இப்படித்தான்" என்றார் மனைவி. கோபமாகத் தெரியவில்லை. வாயோரம் ஏதோ அடங்காமல் துடித்துக்கொண்டிருந்தது. "திருத்துங்க."

அவர் குனிந்து, 'தூங்கவில்லை' என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்தார். பக்கத்தில் 'தூங்கினேன்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார்.

தையல்காரம்மா அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். "எவ்வளவு நேரம்னும் போடுங்க" என்றார். "பேரன் பெரியவனானா படிப்பான்."